காந்த வடிவநினைவுக் கலப்புலோகங்களின் மேற்பரப்பைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

பழைய நகையை மாற்றுப் பார்க்கக் கொண்டுசென்றவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அனுபவமுள்ள பொற்கொல்லர் நகையை எடுத்த எடுப்பில் உரைகல்லில் உரைப்பதில்லை. வெளியே தெரியாத ஓரிடத்தில் அரத்தால் சற்று அராவி, உள்ளே இருக்கும் உலோகம் தெரிந்த பிறகுதான் கல்லில் உரைப்பார். செம்பு கலந்த பொன்னைப் பழுக்கக் காய்ச்சி அமிலத்தில் இட்டால் மேலே உள்ள செம்பு ஒட்சைட்டாகிக் கரைந்துபோகும், பொன் எஞ்சி நிற்கும். அப்படிப்பட்ட நகையின் தோலை மட்டும் உரைத்தால் உள்ளே இருப்பதைவிட உயர்ந்த மாற்றுக் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

நிக்கல், மங்கனீசு, கல்லியம் ஆகிய மூன்றும் சேர்ந்த காந்த வடிவநினைவுக் கலப்புலோகத்தின் மேற்பரப்பைப் படிக்க வருபவர்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டியதும் இதுவே. மேற்பரப்பின் சேர்மானம் உட்பகுதியின் சேர்மானம் அன்று. சேர்மானம் மாறினால் உருமாறும் வெப்பநிலை மாறும். அது மாறினால் பளிங்கின் அமைப்பு மாறும். அமைப்பு மாறினால் இலத்திரன்களின் சக்திப் பங்கீடும் மாறும். ஆகவே மேற்பரப்பில் எந்த அணுக்கள் எவ்வளவு உள்ளன, அவை எந்த ஒழுங்கில் அமர்ந்துள்ளன, இலத்திரன்கள் எந்தச் சக்திகளில் உள்ளன என்ற மூன்று கேள்விகளையும் இந்த வரிசையிலேயே கேட்க வேண்டும். முதல் இரண்டையும் தாண்டி மூன்றாவதற்குப் பாய்ந்தவர்கள் நல்ல அளவீட்டைத் தவறாக வாசித்த சந்தர்ப்பங்கள் உண்டு. உயர்தரத்தில் பௌதிகவியலும் இரசாயனவியலும் படித்து, பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு ஆண்டுகளைக் கடந்த ஒருவர் இந்த வழிகாட்டியைத் துணையின்றிப் பின்தொடர முடியும் என்று நம்பி எழுதுகிறேன்.

வடிவநினைவு என்றால் என்ன என்பதைக் கையால் உணர்ந்துவிட்டுத் தொடங்குவது நல்லது. பற்களை நேராக்கப் பயன்படும் வளைகம்பிகளுள் ஒரு வகை நிக்கலும் தைத்தேனியமும் சேர்ந்தது. உடல் வெப்பத்தில் விறைப்படையும் இந்த வகையில், பல் மருத்துவர் வெட்டிக் கழிக்கும் நுனித்துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒரு குவளையில் ஐஸ் தண்ணீர் எடுத்து, கம்பியை ஒரு நிமிடம் அதனுள் வைத்து, தண்ணீருக்குள்ளேயே வளையுங்கள். ஈயக் கம்பி போல வளைந்து அப்படியே நிற்கும். இடுக்கியால் எடுத்து இளஞ்சூட்டு நீரில் விட்டால் விரல் சொடுக்கும் நேரத்தில் பழைய வளைவுக்குத் திரும்பும். யாழ்ப்பாணத்துச் சித்திரை மாத மத்தியானத்தில் இதைச் செய்தால் இளஞ்சூட்டு நீரே தேவைப்படாது, காற்றுப்பட்டதும் கம்பி நிமிரத் தொடங்கும். குளிர்ந்தபோது கம்பி இருந்த அவத்தை மார்ட்டென்சைற்று, சூடானபோது அது அடைந்த அவத்தை ஒஸ்டனைற்று. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது எந்த அணுவும் தன் அயலவரை விட்டு ஓடுவதில்லை. எல்லா அணுக்களும் ஒன்றாகச் சற்றுச் சரிகின்றன.

நிக்கல்-மங்கனீசு-கல்லியம் இதே உருமாற்றத்தைக் கொண்டது, அதோடு அது ஒரு காந்தமும் ஆகும். செம்பு, மங்கனீசு, அலுமினியம் ஆகிய காந்தமல்லாத உலோகங்களைக் கலந்தால் காந்தம் பிறக்கிறது என்று பிரீட்ரிக் ஹொய்ஸ்லர் 1903 இல் அறிவித்த குடும்பத்தைச் சேர்ந்தது இது. அந்தக் குடும்பத்தின் நிக்கல்-மங்கனீசு-கல்லிய உறுப்பினரின் தனிப் பளிங்கில், காந்தப்புலத்தினால் மட்டும் 0.2 வீத விகாரம் ஏற்படுவதை உல்லாக்கோவும் அவருடைய குழுவினரும் 1996 இல் காட்டினர். 2000 இல் 6 வீதம், 2002 இல் 9.5 வீதம் என்று அது உயர்ந்தது. பத்துச் சென்ரிமீற்றர் நீளமுள்ள கோல் ஒன்று, வெப்பநிலை மாறாமலே, ஒரு காந்தத்தை அருகே கொண்டுவந்ததும் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் குறுகுகிறது என்று எண்ணிப் பாருங்கள். சாதாரண இரும்பு காந்தமாகும்போது அதன் நீளம் இலட்சத்தில் ஒரு பங்கு அளவில்தான் மாறும்.

இது எப்படி நிகழ்கிறது என்பதற்குத் தென்னோலை ஒன்றைப் பாருங்கள். நடு மட்டையின் ஒரு பக்கத்து ஓலைகள் ஒரு சாய்விலும், மறுபக்கத்து ஓலைகள் அதன் ஆடிப் பிம்பமாக மறு சாய்விலும் நிற்கின்றன. மார்ட்டென்சைற்றுப் பளிங்கிலும் அடுத்தடுத்த பட்டைகள் இப்படி ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமாக நிற்கும். அவற்றை இரட்டைகள் என்றும், அவற்றுக்கு நடுவேயுள்ள தளத்தை இரட்டை எல்லை என்றும் சொல்கிறோம். ஒவ்வொரு பட்டையிலும் குறுகிய அச்சின் வழியேதான் காந்தம் இலகுவாக நிற்கும். புலத்தைக் கொடுத்தால் அதற்கு இணங்கிய பட்டை வளரும், இணங்காத பட்டை தேயும். மட்டை பக்கவாட்டில் நகர்ந்து, ஒரு பக்கத்து ஓலைகளை மறுபக்கத்து ஓலைகளாக மாற்றிக்கொண்டு போவதைப் போன்றது இது. இதற்குக் கிடைக்கும் உந்துதல் எவ்வளவு என்பதை நீங்களே கணிக்கலாம். காந்தத் திசைச் சார்பின் சக்தி அடர்த்தி கன மீற்றருக்குச் சுமார் 1,60,000 யூல், அதை 0.06 என்ற விகாரத்தால் வகுத்தால் ஏறத்தாழ 2.7 மெகாபஸ்கால் வரும். இரட்டை எல்லையை நகர்த்தத் தேவைப்படும் தகைப்பு இதைவிடக் குறைவாக இருந்தால் மாத்திரமே பொருள் காந்தத்துக்கு அசையும். இந்த எண் சிறியது. மேற்பரப்பில் ஏற்படும் ஒரு மெல்லிய கீறற் படைகூட எல்லையைப் பிடித்து நிறுத்திவிடும் என்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

அடுத்து, பளிங்கைக் கையால் கட்டுங்கள். மூன்று நிற மணிகளும் பசையும் போதும். கனசதுர ஒஸ்டனைற்றின் அலகுக் கலத்தில் 16 அணுக்கள் உள்ளன: 8 நிக்கல், 4 மங்கனீசு, 4 கல்லியம். சாலக மாறிலி 0.582 நனோமீற்றர். மங்கனீசும் கல்லியமும் ஒரே தளத்தில் சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போல மாறி மாறி அமரும். அதற்கு மேலே கால் மாறிலி உயரத்தில், அதாவது 0.1455 நனோமீற்றரில், நிக்கல் மட்டுமே கொண்ட தளம் வரும். அதன்மேல் மீண்டும் மங்கனீசு-கல்லியத் தளம், ஆனால் கட்டங்கள் இடம் மாறியிருக்கும். ஒவ்வொரு நிக்கலுக்கும் 4 மங்கனீசும் 4 கல்லியமும் அயலவர், தூரம் 0.252 நனோமீற்றர். இந்த மாதிரியைக் கட்டி மேசையில் வைத்திருப்பவருக்குப் பின்னால் வரும் பாதிக் கேள்விகள் தாமாகவே விடைபெறும். படத்தைப் பார்த்து மட்டும் படித்தவர் கட்டங்கள் இடம் மாறுவதைத் தவறவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கட்டிய பிறகு எண்ணுங்கள். நிக்கலுக்கு 10, மங்கனீசுக்கு 7, கல்லியத்துக்கு 3 என்று வலுவளவு இலத்திரன்களைக் கூட்டி அணுக்களின் தொகையால் வகுத்தால், இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற சரியான விகிதத்துக்கு 7.5 வரும். இந்தக் கலவை சுமார் 200 கெல்வினில்தான் மார்ட்டென்சைற்றாகிறது; காந்தத்தன்மையை இழக்கும் கியூரி வெப்பநிலை சுமார் 376 கெல்வின். அறை வெப்பநிலையில் மார்ட்டென்சைற்று வேண்டும் என்பவர்கள் 50 : 28.5 : 21.5 என்ற கலவையை நாடுகிறார்கள். அதற்குக் கணித்தால் 7.64 கிடைக்கும். இந்த எண் உயர உயர உருமாறும் வெப்பநிலையும் உயர்கிறது என்பது இத்துறையின் மிகப் பயனுள்ள கைவிதி. மங்கனீசு ஓரிரு வீதம் கூடினாலோ குறைந்தாலோ வெப்பநிலை பத்துக்கணக்கான கெல்வினால் நகரும். அறையில் உருமாற வேண்டிய துண்டின் மேற்பரப்பில் நிக்கல் குறைந்து மங்கனீசு ஏறி 45 : 35 : 20 என்று ஆகிவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். எண் 7.55 ஆக இறங்கும். உட்பகுதி மார்ட்டென்சைற்றாக இருக்கும்போது அதன் தோல் மட்டும் ஒஸ்டனைற்றாக நிற்க விரும்பும். மாறாக, 55 : 25 : 20 என்று நிக்கல் ஏறினால் 7.85, தோல் முன்கூட்டியே உருமாறிவிடும். இந்த இரண்டு கணக்கையும் காகிதத்தில் போட்டுப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

இனி மாதிரியை வெட்டுங்கள். கனசதுரத்தின் ஒரு முகத்துக்குச் சமாந்தரமாக வெட்டினால் மேலே வரக்கூடியது இரண்டில் ஒன்று: மங்கனீசு-கல்லியத் தளம் அல்லது நிக்கல் தளம். முதலாவதில் ஒவ்வொரு மங்கனீசும் தன் எட்டு நிக்கல் அயலவருள் நால்வரை இழக்கிறது. அயலவர் குறைந்தால் அணுவின் இலத்திரன்கள் பக்கத்துக்குப் பரவுவது குறையும், சக்திப் பட்டை ஒடுங்கும், காந்தத் திருப்புதிறன் சற்றுக் கூடும். உட்பகுதியில் மூலக்கூறு அலகு ஒன்றுக்கு மொத்தத் திருப்புதிறன் சுமார் 4.1 போர் மக்னெற்றன். அதில் பெரும்பங்கு மங்கனீசுடையது, ஒவ்வொரு நிக்கலின் பங்கும் ஏறத்தாழ 0.3 தான். கணிப்புகள் பெரும்பாலும் மங்கனீசு-கல்லிய முடிவையே உறுதியானதாகக் காட்டுகின்றன. ஆனால் நாம் துண்டை எப்படித் தயாரிக்கிறோம் என்பது அந்த விடையை மாற்றவல்லது.

தயாரிப்பைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். கல்லியம் 29.8 பாகை செல்சியசில் உருகும். சோளகம் வீசும் மாதங்களில் எங்கள் அறைகளில் அது போத்தலுக்குள் திரவமாகவே இருக்கும். அதை அலுமினியத் தட்டில் வைக்கக் கூடாது. அலுமினியத்தின் மணிகளுக்கிடையே ஊடுருவி அதை உதிர்த்துவிடும். நிறுப்பதற்கு முன் குளிரூட்டித் திண்மமாக்கிக்கொண்டால் அளவு தவறாது. மங்கனீசின் சிக்கல் வேறு. உயர்வெப்பத்தில் அது மற்ற இரண்டையும்விட விரைவாக ஆவியாகும். ஆகவே வில் உலையில் உருக்கும்போது சற்று மேலதிகமாக இட்டு, உருக்கி முடிந்ததும் நிறுத்துப் பார்த்து, இழப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். பின்னர் ஆகன் நிரப்பி மூடிய படிகக் குழாயில் சுமார் 1000 பாகை செல்சியசில் வைத்துச் சேர்மானத்தைச் சமப்படுத்தி, 800 பாகையளவில் நீண்ட நேரம் வைத்து அணுக்களை ஒழுங்குக்குக் கொண்டுவருவார்கள். இந்த ஒழுங்கு சுமார் 1070 கெல்வினுக்குக் கீழேதான் உருவாகும் என்பதால் இரண்டாவது படியைத் தவிர்க்க முடியாது.

மினுக்குதல் அடுத்தது. உப்புத்தாளும் வைரப் பசையும் கொண்டு கண்ணாடி போல மினுக்கிய மேற்பரப்பு அழகாகத் தெரியும், ஆனால் அதன் கீழே நசுங்கிய ஒரு படை இருக்கும். முன்னர் கணித்த 2.7 மெகாபஸ்காலை நினைவுகூருங்கள். அந்தப் படை இரட்டை எல்லைகளைப் பிடித்துக்கொள்ளப் போதுமானது. ஆகவே இறுதி மினுக்கலை மின்னாற்பகுப்பு முறையில் செய்வார்கள். நைத்திரிக் அமிலமும் எதனோலும் சேர்ந்த குளிர்ந்த கரைசலே வழக்கம். இந்தக் கலவை வெடிக்கக்கூடியது. சூடேறவோ, மூடிய போத்தலில் சேமிக்கவோ ஒருபோதும் இடமளிக்கக் கூடாது. அனுபவமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் இதைக் கலக்கக் கூடாது. சரியாக மினுக்கிய மார்ட்டென்சைற்றைச் சாய்ந்த ஒளியில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பட்டைகள் மாறி மாறி ஒளிரும். கண்ணாடித் தகடு ஒன்று மிகமிக மெதுவாக மடிந்தது போல, ஒவ்வோர் இரட்டை எல்லையிலும் மேற்பரப்பு சுமார் 3.5 பாகை திரும்புவதே இதற்குக் காரணம். அச்சு விகிதம் 0.94 என்று எடுத்து அதன் தலைகீழ் தான்சனைக் கண்டு, 45 பாகையிலிருந்து கழித்து, இரட்டித்தால் இதே கோணம் வரும். உருப்பெருக்கியே இல்லாமல் பளிங்கின் அச்சு விகிதத்தைக் கண்ணால் காண்பது என்பது எனக்கு இன்றைக்கும் மகிழ்ச்சி தரும் காட்சி.

மினுக்கிய துண்டைத் திறந்த அறையில் விட்டுவைக்க வேண்டாம். கடற்காற்று சைக்கிள் கம்பியையே ஒரு மழைக்காலத்தில் துருவாக்கும் ஊர் இது. மங்கனீசு ஒட்சிசனை மிகவும் விரும்பும் உலோகம், அது மேற்பரப்பை நோக்கி ஏறி ஒட்சைட்டாகும். சிலிக்காப் பளிங்குமணிகள் இட்ட உலர்கலத்தில் வைத்தால் ஓரளவு காக்கலாம். இருந்தாலும் மேற்பரப்பு ஆய்வுக்கு அது போதாது. வெற்றிடக் கலத்துக்குள்ளேயே சுத்தம் செய்ய வேண்டும். அமுக்கம் ஒரு மில்லிபாரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காக இருந்தால், சில செக்கன்களில் ஒரு முழு அணுப்படை வாயு மேற்பரப்பில் ஒட்டிவிடும். அதே மில்லிபாரின் ஆயிரங்கோடியில் ஒரு பங்குக்கு இறக்கினால் சில மணித்தியாலங்கள் கிடைக்கும். அந்த நேரத்துக்குள்தான் எல்லா அளவீடும் முடிய வேண்டும்.

சுத்தம் செய்யும் முறை, ஆகன் அயன்களைச் சுமார் ஆயிரம் இலத்திரன் வோல்ற்றுச் சக்தியுடன் மோதவிட்டு மேற்படைகளைத் தட்டி எடுத்து, பின்னர் சூடேற்றி ஒழுங்கை மீட்பது. பொற்கொல்லர் காய்ச்சி அமிலத்தில் இடுவதற்கு நிகரான நிகழ்ச்சி இங்கேதான் நடக்கிறது. அயன்கள் எல்லா அணுக்களையும் ஒரே வேகத்தில் பெயர்ப்பதில்லை, ஆகவே தட்டிய மேற்பரப்பில் நிக்கல் மிகுந்து நிற்கும். சூடேற்றினால் மங்கனீசு உள்ளிருந்து மேலே வரத் தொடங்கும். வெப்பநிலையை உயர்த்திக்கொண்டே போனால் நிக்கல் மிகுந்த மேற்பரப்பு மங்கனீசு மிகுந்த மேற்பரப்பாக மாறிவிடும். இது குறைபாடு மட்டுமன்று, ஒரு கருவியும் ஆகும். வெப்பநிலையைத் தேர்ந்து, இடையில் சரியான விகிதத்துக்கு அண்மையான மேற்பரப்பையும் பெறலாம். வேண்டுமென்றே விலக்கி, மிகுதியின் விளைவையும் படிக்கலாம். எந்த அறிக்கையை வாசித்தாலும் சூடேற்றிய வெப்பநிலையையும் அதன் பின் அளந்த சேர்மானத்தையும் முதலில் தேடுங்கள். அவை இல்லாவிட்டால் மற்ற எண்களை எச்சரிக்கையோடு எடுங்கள்.

சேர்மானத்தை அளப்பதற்கு எக்ஸ் கதிரால் இலத்திரன்களை வெளியேற்றி அவற்றின் சக்தியை எண்ணும் ஒளியிலத்திரன் நிறமாலை பயன்படுகிறது. இதில் புதியவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. அலுமினிய முனையிலிருந்து வரும் 1486.6 இலத்திரன் வோல்ற்றுக் கதிரைப் பயன்படுத்தினால், மங்கனீசின் முக்கிய உச்சி வரும் 640 இலத்திரன் வோல்ற்றுச் சுற்றுப்புறத்திலேயே நிக்கலின் ஓஜே உச்சியும் (அணுவின் உள்ளோட்டில் ஏற்பட்ட வெற்றிடம் நிரம்பும்போது வெளியேறும் இலத்திரன்கள்) வந்து அமர்கிறது. இரண்டும் சேர்ந்த பரப்பை மங்கனீசு என்று எண்ணினால் மேற்பரப்பு இல்லாத மங்கனீசு மிகுதியைக் காட்டும். மக்னீசிய முனைக்கு மாறினால் கதிரின் சக்தி 1253.6 ஆகிறது; ஓஜே இலத்திரன்களின் இயக்கசக்தி கதிரைச் சார்ந்ததன்று, ஆகவே நிக்கலின் அந்த உச்சி கட்டுச்சக்தி அளவுகோலில் 233 இலத்திரன் வோல்ற்று நகர்ந்து, மங்கனீசைத் தனியே விட்டுவிடும். முனையை மாற்ற வசதி இல்லாதவர்கள் மங்கனீசின் வேறு உச்சிகளை நாட வேண்டும். மங்கனீசு உலோகமாக இருந்தால் உச்சி 639 க்கு அருகிலும், ஒட்சைட்டானால் 641 க்கு மேலும் வரும். சுத்தம் முடிந்ததா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

அளந்த எண் எந்த ஆழத்தைப் பேசுகிறது என்றும் கேட்க வேண்டும். இலத்திரன் மோதாமல் வெளியேறக்கூடிய சராசரித் தூரத்தை 1.2 நனோமீற்றர் என்று எடுப்போம். ஒரு படையின் தடிப்பு 0.1455 நனோமீற்றர். அடுக்குக்குறி விதிப்படி கணித்தால், நேரே மேல்நோக்கி வரும் சைகையில் முதற்படையின் பங்கு சுமார் 11 வீதந்தான். எஞ்சிய 89 வீதம் கீழ்ப்படைகளுடையது. கருவியை 60 பாகை சாய்த்துப் பார்த்தால் பயன்தரும் ஆழம் பாதியாகி, முதற்படையின் பங்கு சுமார் 21 வீதமாகும். இரண்டு கோணங்களிலும் விகிதம் ஒன்றாக இருந்தால் சேர்மானம் ஆழத்தோடு மாறவில்லை. சாய்வில் மங்கனீசு ஏறினால் அது தோலில்தான் குவிந்திருக்கிறது. ஒரே கோணத்தில் எடுத்த ஓர் எண்ணை மேற்பரப்பின் சேர்மானம் என்று எழுதிவிடுவது மிகப் பரவலான பிழை.

இரண்டாவது கேள்வி ஒழுங்கு பற்றியது. 20 முதல் 200 வரையான இலத்திரன் வோல்ற்றுச் சக்தியுடைய இலத்திரன்களை மேற்பரப்பில் மோதவிட்டுத் திரையில் புள்ளிகளைப் பார்க்கும் தாழ்சக்தி இலத்திரன் கோணலே முதற் கருவி. 100 இலத்திரன் வோல்ற்றில் அலைநீளம் 0.123 நனோமீற்றர், அணு இடைவெளிக்கு ஒத்த அளவு. ஒழுங்கான ஒஸ்டனைற்று முகத்தில், உட்பகுதியை வெட்டினால் எதிர்பார்க்கும் அதே சதுர வலைதான் தெரியும். புள்ளிகள் மங்கலாக இருந்தால் மேலும் சூடேற்ற வேண்டும். பிறகு துண்டைக் குளிரவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். உருமாற்ற வெப்பநிலை வந்ததும் பிரதான புள்ளிகளுக்கு இடையே மெல்லிய துணைப்புள்ளிகள் தோன்றும். மார்ட்டென்சைற்றில் அணுத்தளங்கள் சேலைக் கொசுவம் போல அலையாக மடிவதே இதன் பொருள். பத்துத் தள அலையுடைய, 10 எம் எனப்படும் வகையில் துணைப்புள்ளி, பிரதான புள்ளிகளின் இடைவெளியில் ஐந்தில் இரண்டிலும், பதினான்கு தள அலையுடைய 14 எம் வகையில் ஏழில் இரண்டிலும், இவற்றுக்கு முன்னே வரும் இடைநிலையில் மூன்றில் ஒன்றுக்கு அருகிலும் அமையும். அலையே இல்லாத இன்னொரு வகையும் உண்டு. அதன் அச்சு விகிதம் சுமார் 1.2. அளவிடும்போது துணைப்புள்ளியின் இடத்தை மட்டும் குறிக்காமல், அது தோன்றிய வெப்பநிலையையும், உட்பகுதி உருமாறும் வெப்பநிலையையும் ஒரே தாளில் எழுதிவையுங்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் தோலின் சேர்மானத்தை உங்களுக்கு மறுபடி சொல்லும்.

வருடு ஊடுருவல் நுணுக்குக்காட்டியில் படிகளைப் பார்ப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. அடுத்தடுத்த படிகளின் உயரம் 0.29 நனோமீற்றராகவே இருந்தால் எல்லாத் தளமும் ஒரே வகை முடிவு. 0.145 உம் கலந்து வந்தால் இரண்டு முடிவுகளும் பக்கம் பக்கமாக உள்ளன.

மூன்றாவது கேள்விக்கு இப்போது வரலாம். ஒஸ்டனைற்று ஏன் நிலைக்காமல் உருமாறுகிறது என்பதற்கு இலத்திரன்கள் தரும் விளக்கம் இரண்டு. கனசதுர நிலையில், சிறுபான்மைச் சுழலுடைய நிக்கல் இலத்திரன்களின் அடர்த்தி, இலத்திரன்கள் நிரம்பி நிற்கும் உச்சச் சக்தியான பெர்மி மட்டத்துக்குச் சுமார் 0.2 இலத்திரன் வோல்ற்றுக் கீழே கூரிய உச்சியாக நிற்கிறது. கனசதுரம் ஒரு திசையில் நீண்டால் அந்த உச்சி இரண்டாகப் பிளந்து, ஒரு பகுதி பெர்மி மட்டத்துக்கு மேலே போகும், மொத்தச் சக்தி குறையும். பட்டை யான்-ரெல்லர் விளைவு எனப்படும் இதற்கு, முனைவாக்கிய நியூத்திரன்களைக் கொண்டு 1999 இல் சான்று கிடைத்தது. மற்றது பெர்மி மேற்பரப்பின் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துதல். ஒரு குறிப்பிட்ட அலைத்திசையனால் நகர்த்தினால் பெரும்பகுதி பொருந்திவிடும் என்றால், அந்த அலைநீளத்தில் பளிங்கு மடிய விரும்பும். மூலைவிட்டத் திசையில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே ஓர் அதிர்வின் மீடிறன் குளிரும்போது சரிவதை நியூத்திரன் அளவீடுகள் 1990 களிலேயே காட்டின. ஒளியிலத்திரன் அளவீடுகளில், பெர்மி மட்டத்துக்குச் சுமார் 0.3 இலத்திரன் வோல்ற்றுக் கீழே ஒரு பள்ளம் இடைநிலையில் திறப்பதும் 2008 இல் பதிவானது.

இதற்கு மாறாக, அலை என்று நாம் காண்பது, அலையற்ற மார்ட்டென்சைற்றின் நனோ அளவு இரட்டைகள் ஐந்து தளம் ஒரு பக்கம், இரண்டு தளம் மறுபக்கம் என்று அடுக்கப்பட்டதே என்று வாதிடுவோரும் உள்ளனர். ஒஸ்டனைற்றோடு ஒட்டி நிற்க வேண்டிய கட்டாயத்தால் பளிங்கு தன்னைத் தகவமைக்கிறது என்பது அவர்கள் நிலைப்பாடு. என் கருத்தில் மென்மையாகும் அதிர்வையும் இடைநிலையின் பள்ளத்தையும் இலத்திரன் விளக்கமே நேராகச் சொல்கிறது. 14 எம் பளிங்கின் சாலக மாறிலிகளைத் தகவமைப்பு விளக்கம் அழகாகச் சொல்கிறது. புதியவர் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்து அளவீடுகளை வாசிக்காமல் விடுவது அவருக்கே இழப்பு. மேற்பரப்பு இந்த வழக்கில் நல்ல சாட்சியாகும், ஏனென்றால் அங்கே ஒரு பக்கத்தில் அழுத்தும் அயல்பளிங்கே கிடையாது.

வெற்றிடக் கலம் எல்லோர் கைக்கும் எட்டாது; கணிப்பு எட்டும். குவாண்டம் எஸ்பிரெசோ போன்ற இலவச மென்பொருளை ஒரு சாதாரண மேசைக் கணினியில் நிறுவி, நான்கே அணுக்கள் கொண்ட அடிப்படைக் கலத்தில் தொடங்குங்கள். கல்லியத்தை உற்பத்தியிலும் (ஆள்கூறுகளின் தொடக்கப் புள்ளி), மங்கனீசை நடுவிலும், நிக்கல் இரண்டையும் கால், முக்கால் இடங்களிலும் வைக்க வேண்டும். மங்கனீசுக்கு ஒரு தொடக்கக் காந்தத்தைக் கொடுக்க மறக்கக் கூடாது. நான் தொடங்கியபோது அதைக் கொடுக்காமல் விட்டதால், கணிப்பு காந்தமற்ற தீர்வில் அமைதியாகப் போய் நின்றது. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை, ஒரு வாரத்து முடிவுகளை எறிய வேண்டியதாயிற்று. சாலக மாறிலி 0.581 நனோமீற்றரை ஒட்டியும், திருப்புதிறன் 4.1 ஐ ஒட்டியும் வந்த பிறகே நகருங்கள். அடுத்து, கனவளவை மாற்றாமல் அச்சு விகிதத்தை 0.9 இலிருந்து 1.35 வரை மாற்றிச் சக்தியை வரையுங்கள். 1.25 க்கு அருகே பள்ளம் ஒன்று தெரியும். சக்தி வித்தியாசம் அணு ஒன்றுக்குச் சில மில்லி இலத்திரன் வோல்ற்றுத்தான், எனவே அலைத்திசையன் வலையை நெருக்கமாக்காமல் இந்த வரைபை நம்பக் கூடாது.

மின்சாரம் தடைப்படும் ஊரில் நீண்ட கணிப்பை ஒரே மூச்சில் ஓடவிடுவது அறிவுடைமையன்று. இடைநிலைக் கோப்புகளைச் சேமித்து மீளத் தொடங்கும் வசதியை முதல் நாளிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

மேற்பரப்புக்கு, ஒன்பது படைகள் கொண்ட ஒரு தட்டை எடுத்து மேலே 1.5 நனோமீற்றர் வெற்றிடம் விடுங்கள். இரு முகமும் மங்கனீசு-கல்லியமாக அமைத்தால் ஐந்து மங்கனீசு-கல்லியப் படையும் நான்கு நிக்கற் படையுமாக 18 அணுக்கள்: 8 நிக்கல், 5 மங்கனீசு, 5 கல்லியம். உட்பகுதி விகிதம் 8 : 4 : 4 என்பதால் ஒரு மங்கனீசும் ஒரு கல்லியமும் மிகுதி. இந்த மிகுதியின் சக்தியை இரசாயன அழுத்தங்கள் (ஓர் அணுவைச் சேர்க்கும்போது மாறும் சக்தி) வழியே கழிக்காமல், இதன் மொத்தச் சக்தியையும் நிக்கல் முடிவுள்ள தட்டின் மொத்தச் சக்தியையும் நேரே ஒப்பிடுவது பொருளற்றது. மங்கனீசு மிகுந்த சூழலுக்கும் நிக்கல் மிகுந்த சூழலுக்கும் தனித்தனியே கணித்து, எந்த எல்லைக்குள் எந்த முடிவு உறுதியானது என்று வரைபாகக் காட்டுங்கள். நடுப்படையின் இலத்திரன் அடர்த்தி உட்பகுதிக் கணிப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் தட்டு போதிய தடிப்பில்லை, பதினொரு படைக்கு உயர்த்த வேண்டும்.

இறுதியாக, படைவாரியாகக் கிடைத்த இலத்திரன் அடர்த்திகளை அப்படியே கூட்டி நிறமாலையோடு ஒப்பிட வேண்டாம். 21.2 இலத்திரன் வோல்ற்று ஈலிய விளக்கில் எடுத்த நிறமாலைக்கு வெளியேறும் தூரத்தை 0.5 நனோமீற்றர் என்று எடுத்தால், முதற்படைக்குச் சுமார் 25 வீதம், இரண்டாவதற்கு 19 வீதம், மூன்றாவதற்கு 14 வீதம் என்று நிறை கொடுத்துக் கூட்டுங்கள். பெர்மி மட்டத்துக்குக் கீழே முதல் நான்கு இலத்திரன் வோல்ற்றுக்குள் நிக்கலின் பங்கு எங்கே, மங்கனீசின் பங்கு எங்கே என்று இரண்டு நிறத்தில் வரைந்து, அதன்மேல் அளந்த வளைவை இடுங்கள். ஒவ்வாத இடம் ஒன்று தெரிந்தால் கணிப்பைத் திருத்த முன்பு, அந்தத் துண்டு எந்த வெப்பநிலையில் சூடேற்றப்பட்டது என்ற குறிப்பைத் திறந்து பாருங்கள்.